மீசையைப் பார்த்து மருந்தைத் தொடுக

நெற்பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து நிற்கக் கண்ட உழவர் புகையானை மறக்கமாட்டார். அந்த அச்சத்தால், தூரடியில் எந்தச் சிறு பூச்சி ஓடினாலும் புகையான் என்று எண்ணித் தெளிப்பானைத் தோளில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. இது காசு கொடுத்துக் கேட்டை வாங்கும் செயலாகும்.

அதே தூரடியில் மிரிட் நாவாய்ப்பூச்சி என்னும் நண்பனும் வாழ்கிறது. புகையான் இலையுறைக்குள் செருகி வைக்கும் முட்டைகளை உறிஞ்சி அழிப்பது இதன் வேலை. இரண்டுமே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளந்தான். அவசரப் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றலாம்; ஆனால் மீசை காட்டிக் கொடுத்துவிடும்.

மீசை என்று சொல்லப்படும் உணர்கொம்புக்கு மூன்று பாகங்கள் உண்டு. தலையோடு பொருந்தியிருப்பது அடிக்கணு. அடுத்தது காம்புக்கணு. அதற்கு மேல் நீள்வது சாட்டை. அடிக்கணுவுக்குள் இருக்கும் தசைகள் மேற்பகுதியை அசைக்கின்றன. சாட்டையின் அதிர்வைக் காம்புக்கணு உணர்கிறது. பெரும்பாலான பூச்சிகள் சாட்டையைக் கொண்டே மணம் அறிகின்றன.

புகையானின் கொம்பு கண்ணுக்குக் கீழே குட்டையாக இருக்கும். காம்புக்கணு பருத்தும், சாட்டை மயிரிழை போல மெலிந்தும் காணப்படும். மிரிட் பூச்சியின் கொம்போ நான்கு கணுக்களுடன் தலைக்கு முன்னே நீண்டிருக்கும். சாதாரண கைலென்சு ஒன்றே இதைக் காணப் போதும்.

பார்க்காமல் தெளித்தால் நேர்வது என்ன? மிரிட் பூச்சியும் சிலந்தியும் மடிகின்றன. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிவிடுகின்றன. அவை பொரித்து வரும்போது தின்ன ஆளில்லை. புகையான் முன்னிலும் பெருகுகிறது. இப்படிப் பட்டறிந்த இந்தோனேசிய அரசு, 1986-இல் நெல்லுக்குத் தெளித்து வந்த 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

மருந்தே கூடாது என்பதல்ல வாதம். தூருக்கு ஒரு புகையான், சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு என்ற அளவை எட்டினால் மருந்து தேவைதான். ஆனால் எண்ணுவது புகையானா, அதைத் தின்பவனா என்று தெரியாமல் எண்ணி என்ன பயன்?

"மீசை பார்க்க யாருக்கு நேரம்?" என்று கேட்பவர் உண்டு. ஒரு வயல் முழுவதும் தெளிக்க நேரம் இருக்கிறது. பத்துக் குத்துகளை விலக்கிப் பார்க்க இல்லையா? விரிவாக்க அலுவலர்கள் மருந்தின் பெயரை எழுதித் தருவதற்கு முன், வரப்பில் நின்று பூச்சியின் மீசையைக் காட்டித் தரவேண்டும். ஊருக்கு இரண்டு கைலென்சு வாங்கி வைப்பது பெருஞ்செலவன்று. நண்பனை அறிந்த உழவருக்கே பகைவனை வெல்வது எளிது.