உள்ளானைப் படம் பிடிப்பார் இல்லை

தமிழிலே நாம் படத்தை 'எடுக்கிறோம்', அல்லது 'பிடிக்கிறோம்'. இவ்விரு சொற்களுக்கும் இடையிலே பெரிய வேற்றுமை ஒன்றும் இருப்பதாக இலக்கண ஆசிரியர் எவரும் கூறுவதில்லை. ஆயினும், நீர்ப்பறவைகளை நிழற்படமாக்கும் ஆர்வம் நம் இளைஞரிடையே பெருகிவரும் இந்நாளில், எடுப்பது எது, பிடிப்பது எது என்று சற்று நின்று எண்ணிப் பார்ப்பது தகும் எனத் தோன்றுகிறது.

மார்கழி விடுமுறை தொடங்கியதும் கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களிலிருந்து இளைஞர் சிலர் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு இரவோடிரவாக மன்னாருக்குப் புறப்படுகின்றனர். விடியும்போது வங்காலைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். 2008ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆரவாரம் இல்லாத நிலம். உப்புக் காற்றும் ஆழமற்ற நீரும் முட்புதர்களுமே அதன் செல்வம். வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வரும் ஊசிவால் வாத்துகளும், நீண்ட அலகுடைய கருவால் மூக்கன்களும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூநாரைக் கூட்டங்களும் அங்கே இரை தேடுகின்றன. மலைநாட்டுப் பனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அக்காட்சி எத்தகைய வியப்பைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் போகட்டும், காணட்டும். என் கேள்வி, அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பற்றியது.

சென்ற ஆண்டு பாடசாலை ஒன்றிலே நடந்த மாணவர் நிழற்படக் கண்காட்சிக்கு நடுவர் மூவரில் ஒருவனாக என்னை அழைத்திருந்தார்கள். மண்டபத்தின் நடுச்சுவரிலே பெரிய படம் ஒன்று தொங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட பூநாரைகள் நீரை உதறிக்கொண்டு எழுகின்றன; இறகின் செம்மையும் விளிம்பின் கருமையும் இளவெயிலில் ஒளிர்கின்றன; கால்களின் கீழே நீர்த்துளிகள் முத்துப்போலச் சிதறி நிற்கின்றன. மற்ற இரு நடுவர்களும் அதன்முன் மெய்ம்மறந்து நின்றனர். நானும் நின்றேன். ஆனால் கூர்ந்து பார்த்தபோது ஒன்று புலப்பட்டது: அத்தனை கழுத்துகளும் ஒரே பக்கத்திலிருந்து விலகி நீண்டிருந்தன. படம் எடுத்த மாணவனை அழைத்து, "தம்பி, இவை எப்படி எழும்பின?" என்று கேட்டேன். "எங்களில் ஒருவன் கரையால் ஓடினான், சேர். மற்றவர்கள் கை தட்டினோம்," என்றான். ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை. முதற்பரிசு அந்தப் படத்துக்கே போயிற்று, என் புள்ளிகள் இல்லாமல்.

அந்தப் பிள்ளையிடம் நான் குறை காணவில்லை. பறக்கும் பறவைக்கே பரிசு என்று ஆண்டுதோறும் அவனுக்குக் கற்பித்தவர்கள் நாம்தாம். கண்காட்சி முடிந்தபின் நண்பராகிய மற்றொரு நடுவர், "பறவைக்குப் பறப்பது இயல்புதானே? ஒருமுறை எழுந்து இறங்கினால் அதற்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் விட்டால் என் கட்சி வெறும் மனக்கசிவாகவே முடியும்.

பூநாரை தலையைக் கீழ்மேலாகக் கவிழ்த்து, அலகை நீரிலே அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி உண்ணும் பறவை. அதன் இரை கண்ணுக்கு அகப்படாத அளவு சிறியது. ஆதலால் நெடுநேரம் உண்டால்தான் வயிறு நிறையும். அது நின்ற இடத்திலிருந்து புறாவைப்போல எழும்பவும் இயலாது. நீர்மேல் சில அடி தூரம் ஓடி விசை பெற்ற பின்னரே காற்றில் ஏறும். ஒவ்வொரு எழுச்சிக்கும் அது உடலிலுள்ள பொருளைச் செலவிடுகிறது. உள்ளான், மூக்கன் முதலிய கரைப்பறவைகளின் கணக்கு இன்னும் கடுமையானது. பங்குனி, சித்திரையில் வடக்கு நோக்கிப் புறப்படுமுன் அவை இராப்பகலாக உண்டு கொழுப்பைச் சேர்க்கின்றன. சில இனங்கள் தம் வழக்கமான எடையில் ஒன்றரை மடங்குக்கு மேலும் பெருக்கின்றன. அந்தக் கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் மன்னாரிலே ஒருவகைக் கடற்காகங்களுக்குச் சிறு கருவி பொருத்தி அவற்றின் வழியைத் தொடர்ந்தனர். அவை இந்தியாவைக் கடந்து, நடு ஆசியாவைக் கடந்து, ருஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலே போய் இறங்கின. அத்துணை தூரம் போகவேண்டிய உயிரின் கட்டுச்சோற்றிலே ஒரு பிடியை நாம் எடுத்துவிடுகிறோம். ஒருநாள் ஒருவர் எடுத்தால் பாதகமில்லை என்பார்கள். ஆனால் விடுமுறைக் காலத்திலே ஒரு வானின் பின்னால் இன்னொரு வான் வருகிறது. இப்போது ஆளில்லாச் சிறு பறப்புக் கருவிகளும் வந்துவிட்டன.

கமரா துப்பாக்கியைவிட மேலானது என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் மழைக்கால வயல்களில் உள்ளான் சுடுவது இலங்கையிலே துரைமாரின் பெரும் பொழுதுபோக்காக இருந்தது. சுட்ட பறவைகளின் எண்ணிக்கையே அன்று பெருமை. அந்தப் பெருமை போய், எடுத்த படங்களின் எண்ணிக்கை பெருமையாகியிருப்பது முன்னேற்றமே. ஆனால் வேட்டைக்காரனின் மனம் மாறாமல் அவன் கையிலுள்ள கருவி மட்டும் மாறினால், பறவைக்குக் கிடைப்பது பாதி விடுதலைதான்.

இத்துறையின் முன்னோடிகள் வேறு வழி கண்டவர்கள். 1892இல் இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர் பறவைக் கூடொன்றை முட்டைகளோடு படமெடுத்தனர். பின்னர் அவர்கள் மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, உள்ளே குடைவான போலி எருதொன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் கமராவோடு புகுந்து மணிக்கணக்காக நின்றார்கள். கேட்டால் நகைப்பு வரும். ஆயினும் பறவைக்குத் தாம் இருப்பதே தெரியக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த நகைப்பு அது. நம் மொழிக்குரியவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) சென்னையிலிருந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு இயற்கை பற்றி எழுதிவந்தவர்; தமிழிலும் எழுதியவர். தாமே பொருத்திச் செப்பஞ்செய்த கமராவால், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் பறவைகளையும் படமெடுத்தார். இன்றைய கருவி ஒரு விநாடிக்கு இருபது படம் எடுக்கிறது. அவர் ஒரு படத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் நம் இளைஞர் ஆயிரம் படம் எடுத்துவிட்டு, வானிலேறி ஊர் திரும்பிவிடுவர்.

இலக்கியம் கற்பிப்போருக்கு இதை விளக்க நீண்ட சான்று வேண்டாம். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாடலை நாம் எல்லோரும் வகுப்பிலே நடத்துகிறோம். பறவையின் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னவர் அவர். கை தட்டி எழுப்பிய நாரையின் அலகிலே அந்த உவமை எவருக்கும் தோன்றியிராது. குளிரிலே ஒடுங்கியிருந்த வறியவர் ஒருவர், தம் பாட்டில் போகும் பறவையை நன்றாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். கண்டி வாவியை 1807இல் வெட்டுவித்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டவன். வயல் நிலமாக இருந்த இடத்தை நீர்நிலையாக்க அவன் குடிகளை வருத்தியதாகச் சொல்வர்; அந்த வழக்கை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுவோம். அவன் தனக்கென்று வெட்டுவித்த வாவி இன்று பறவைகளுக்கு உரியதாயிருக்கிறது. ஓரத்து மரங்களிலே நீர்க்காகங்களும் வெண்கொக்குகளும் நிறைந்திருக்கின்றன. மாலை மங்கும்போது இராக்கொக்கு 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துப் புறப்படுகிறது. கூழைக்கடாக்கள் நீரிலே தெப்பம்போல மிதக்கின்றன. வடக்கே உடவத்தகெலேக் காடு, 1938இல் சரணாலயமானது, நிழலைத் தந்துகொண்டு நிற்கிறது.

இவற்றுக்கிடையில், மதிற்சுவரின் அடியிலுள்ள கற்களிலே, ஒரு சிறு பறவை ஆவணி கடைசியிலிருந்து பங்குனி வரை தனித்து நடமாடுவதைக் காணலாம். மேலே மண்ணிறம், கீழே தூய வெண்மை. தோளின் முன்னே அந்த வெண்மை ஒரு சிறு ஆப்புப்போல மேலேறியிருக்கும். நின்றாலும் நடந்தாலும் உடலின் பின்பாகம் ஓயாமல் ஏறி இறங்கும். எழுந்தால், நீர்மட்டத்தை ஒட்டி, சிறகைக் கீழ்நோக்கி வளைத்து, விட்டுவிட்டு அடித்துக்கொண்டு, மெல்லிய குரலோடு அடுத்த கல்லுக்குப் போகும். இதுவும் உள்ளான் குலத்ததே. கடற்கரைப் பறவை என்று நாம் நினைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த இது, ஓடையும் குளமும் உள்ள மலைநாட்டுக்கும் ஏறி வருகிறது. மன்னாருக்கு வரும் மூக்கன்களைப் போலவே இதுவும் வடக்கே ஆசியாவின் ஆற்றங்கரைகளிலே குஞ்சு பொரித்துவிட்டு வருவது. வந்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்புவது இவ்வினங்களிலே அறியப்பட்ட பழக்கம். அதே கல்லில் சென்ற ஆண்டு கண்டதும் அதே பறவையாக இருக்கக்கூடும். பூநாரைக்காக ஓர் இரவெல்லாம் பயணம் செய்யும் நம் இளைஞர், வாவியைச் சுற்றி மாலைதோறும் நடந்தும் இதை நின்று பார்ப்பதில்லை. கண்காட்சியிலே இருந்த படங்களுள் ஒன்றிலாவது இது இல்லை.

வாவிக்கரைப் பறவைகள் பேசப்படுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. மரங்களின் கீழே நடப்போர் தலையிலும் குடையிலும் எச்சம் விழுகிறது, நாற்றமும் உண்டு. கிளைகளைத் தறித்துவிட்டால் தொல்லை தீரும் என்று கூறுவோரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களுள் சிலருடைய வரவேற்பறையிலே பூநாரைப் படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன்! தமிழ்நாட்டு வேடந்தாங்கல் மக்கள் வேறு விதமாக நினைத்தார்கள். ஏரியிலே கூடுகட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது அவர்கள் முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலே பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கண்டி நகரிலே நமக்கு வயல் இல்லைதான். எனினும் கூடுகட்டும் காலம் முடியும்வரை கத்தியை உறையிலிட்டு வைப்பதற்கும், நடைபாதையை அடிக்கடி கழுவுவதற்கும் வயல் வேண்டுவதில்லை.

என் கருத்தை மறுப்போர் வலுவான வாதம் ஒன்றை வைத்திருக்கின்றனர்: அழகிய படங்களைக் கண்டதனால்தான் மக்கள் வங்காலையையும் சுண்டிக்குளத்தையும் அறிந்தார்கள், அறிந்ததனால்தான் காக்க முன்வருகிறார்கள், பறக்கும் பூநாரையின் படம் செய்யும் தொண்டை உள்ளானின் படம் செய்யுமா? செய்யாது என்றே நானும் நினைக்கிறேன். பூநாரையின் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறவைகள் தாமாகவே எழும் நேரம் ஒன்று உண்டு. காற்று மாறும்போதும், கழுகு வட்டமிடும்போதும், மாலையிலே இடம் பெயரும்போதும் அவை எழும். அதற்குக் காத்திருந்து எடுத்த படமும் அதே தொண்டைச் செய்யும். காத்திருக்கப் பொழுதில்லை என்பவர், நின்று மேயும் பறவையையே எடுக்கட்டும். தலைகீழாய்க் கவிழ்ந்த அந்த அலகையும், நீரில் விழும் அதன் நிழலையும் ஒழுங்காகக் காட்டும் படத்தை நான் இன்னும் நம் கண்காட்சிகளிலே காணவில்லை.

ஆசிரிய அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியிலே ஒவ்வொரு பறவைப் படத்தின் கீழும், பறவை முன்பு என்ன செய்துகொண்டிருந்தது, படம் எடுத்தபின் என்ன செய்தது என்று மாணவன் தன் கையால் இரண்டு வரி எழுதவேண்டும் என விதி செய்யுங்கள். அவ்விரண்டு வரிக்கும் படத்துக்குரிய அளவு புள்ளி கொடுங்கள். மற்றொன்று, நடந்து போகும் தூரத்துக்குள் எடுத்த நீர்ப்பறவைப் படத்துக்கென்று தனிப்பரிசு ஒன்று வையுங்கள். வான் வாடகைக்குப் பணமில்லாத பிள்ளைகளும் அதில் சேரலாம். பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய கமராவே போதும்.

இந்த ஆண்டு செய்ய நினைப்பவர்கள் சித்திரை விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்குள் உள்ளான் போய்விடும். காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், வாகன இரைச்சல் கூடுமுன், வெயிலை முதுகுப்புறமாக வைத்துக்கொண்டு, தலதா மாளிகைப் பக்கத்து மதிலின் நிழலில் நின்றால், பறவை தானே கல்லுக்குக் கல் நடந்து பக்கத்தில் வரும்.