ரேம் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்



கல்லூரி திறக்கும் காலம் வந்தாலே, "டீச்சர், பொண்ணுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றோம், ரேம் எது போடலாம்?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்து விழுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, என் கருத்தை இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து இதுதான். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் ரேமின் அளவைப் பாருங்கள். அடுத்து, அது ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் மூன்றாவது. கலர் கலராக விளக்கு எரிவது கணக்கிலேயே வர வேண்டாம்.

ரேம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு பீரோவும் ஒரு மேஜையும் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்பது பீரோ. ரேம் என்பது மேஜை. மேஜை பெரிதாக இருந்தால் நாற்பது நோட்டையும் பரப்பி வைத்துத் திருத்தலாம். சின்ன மேஜை என்றால் ஐந்து நோட்டு எடுப்பது, திரும்ப பீரோவில் வைப்பது, மறுபடி ஐந்து எடுப்பது என்று பாதி நேரம் நடையிலேயே போய்விடும். கம்ப்யூட்டர் "சுத்திக்கிட்டே இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வது பல நேரம் இந்த நடைதான்.

எவ்வளவு மேஜை வேண்டும்? விண்டோஸ் 11 ஓடக் குறைந்தது 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது கதவைத் திறக்க மட்டும்தான் போதும். கடிதம் அடிக்க, பில் போட, வீடியோ பார்க்க 8 ஜிபியில் காலம் தள்ளலாம். இன்ஜினீயரிங், பாலிடெக்னிக், டிசைன் படிக்கும் பிள்ளைக்கு 16 ஜிபி வேண்டும். வீடியோ எடிட்டிங், பெரிய முப்பரிமாண வரைபடம் என்று தொழிலாகச் செய்பவருக்குத்தான் 32. வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். கடைக்காரரைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

அடுத்தது ஜோடி. சத்துணவுக்கு ஒரே வரிசை நின்றால் எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு பேர் இரண்டு வரிசைக்குப் பரிமாறினால் எவ்வளவு சீக்கிரம் முடியும்? ரேமும் அப்படித்தான். 3200 வேகமுள்ள டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி வரை தகவலைக் கடத்தும். இரண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2 ஜிபி. பட்ஜெட் கம்ப்யூட்டர்களில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. படம் காட்டும் வேலையையும் பிராசசரே, இதே ரேமைப் பங்குபோட்டுத்தான் செய்கிறது. ஆகவே நம் மாதிரிக் குடும்பங்களுக்கு இரண்டு 8 ஜிபி, ஒரே 16 ஜிபியைவிட நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் வழக்கமான ஜோடி. மதர்போர்டு புத்தகத்தில் படம் போட்டிருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"இப்போது ஒரே 16 போட்டுவிட்டு, அடுத்த வருஷம் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேனே" என்று சிலர் கேட்பது நியாயமான கேள்வி. போர்டில் இரண்டே ஸ்லாட் இருந்து, தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்து, பின்னால் 32 தேவைப்படும் என்று உறுதியாகத் தெரிந்தால் அப்படியே செய்யுங்கள். ஆனால் "அடுத்த வருஷம்" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் திரும்ப வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது வேகம். பெட்டி மேல் 3200, 3600 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். பக்கத்தில் சிறிதாக சிஎல் 16, சிஎல் 18 என்று ஒரு எண் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால், கேட்ட தகவலைக் கொடுக்கத் தொடங்க எத்தனை நானோ நொடி என்று வரும். 3200, சிஎல் 16 என்றால் 10. 3600, சிஎல் 18 என்றாலும் அதே 10. டிடிஆர்5-ல் 6000, சிஎல் 30 என்றாலும் 10தான்! கடத்தும் அளவு கூடுகிறது, உண்மை. ஆனால் பெரிய எண்ணைக் காட்டி இரண்டு மடங்கு வேகம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்பதை மதர்போர்டுதான் முடிவு செய்யும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பல இரண்டையும் ஏற்கும், ஆனால் போர்டு பெரும்பாலும் ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டு ரேமுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றதில் உட்காராது, அழுத்தி உடைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவது முக்கியக் காரணம். இந்த சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். அதில் மைக்ரான், "குரூஷியல்" என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்று வந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பு ரேமில் ஏமாந்தால் சில நூறு ரூபாயோடு போயிற்று. இப்போது அப்படி இல்லை.

என் பழைய மாணவி ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். மகள் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்திருக்கிறாள். மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கப் போனாள். வந்த கொட்டேஷனில் விளக்கு எரியும் ஒரே 8 ஜிபி ஸ்டிக், கண்ணாடி கேபினெட், கலர் ஃபேன்கள். கண்ணாடி, கலர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாதாரண கேபினெட்டும் சாதாரண 8 ஜிபி இரண்டும் போடச் சொன்னேன். கிட்டத்தட்ட அதே தொகையில் முடிந்தது. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசைப்படுவதை அவர் விற்கிறார். ஆனால் மாதாமாதம் தவணை கட்டுவது அம்மா. அந்தப் பணம் படிப்புக்குப் போக வேண்டும், வெளிச்சத்துக்கு அல்ல.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். 3200 என்று வாங்கிய ரேம் பயாஸில் எக்ஸ்எம்பி என்பதைப் போடும் வரை 2133 அல்லது 2400-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். காசு கொடுத்த வேகம் வருகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். ரொம்ப மலிவாகப் பழைய சர்வர் ரேம் கிடைக்கும். அதில் பெரும்பாலானவை வீட்டு மதர்போர்டில் ஓடாது. லேப்டாப் ரேம் குட்டையானது, அதுவும் சேராது. செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தேய்ந்து போகும் பாகம் இல்லை அது. ஆனால் மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஒரு இரவு முழுக்க ஓட விட்டு, ஒரு பிழையும் இல்லை என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பல கம்பெனிகள் ரேமுக்கு நீண்ட கால வாரண்டி தருகின்றன, பில் இல்லாமல் அதை வாங்க அலைய வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கொட்டேஷனை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இந்தத் துறையிலேயே வேலை செய்யும் மாணவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், டீச்சர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்