ஹல்க்கை இப்போது அடிக்கலாமா?



சூப்பர்மேன் பெரியவரா, ஹல்க் பெரியவரா? காமிக்ஸ் படிக்கும் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உங்கள் கடிதங்களிலும் அது ஓயாமல் வருகிறது. அந்தக் கடிதங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். நாமெல்லாம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, முடிவு சொல்லாமலே எழுந்து போய்விடலாம். அப்படி எழுந்து போக முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். காமிக்ஸ் நாயகர்களைச் சின்னஞ்சிறு பொம்மைகளாகச் செய்து, மேசைமேல் மோதவிடும் விளையாட்டுகளை வடிவமைப்பவர்கள். ஹல்க்கின் பொம்மைக்கு அவர்கள் ஓர் எண்ணை எழுதியே ஆக வேண்டும். ‘கோபம் ஏற ஏற பலம் கூடும்’ என்பதை இரண்டு வரி விதியாக மாற்ற வேண்டும். அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் புரிய வேண்டும்.

இந்த இதழுக்காக அந்த விளையாட்டுகளின் விதிகளைத் தேடித்தேடிப் படித்தேன். ஒரு கதாபாத்திரத்தை இவ்வளவு கூர்ந்து படிப்பவர்கள் வேறு யாரும் உண்டா என்று வியப்பாக இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல ஆசை.

அவர்களுக்கு முதலில் இடிப்பது அளவு. மலையைப் பெயர்ப்பவரும், கூரையிலிருந்து விழுந்தால் எலும்பு முறிபவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நிற்க வேண்டும். உள்ளபடியே எண் போட்டால் பேட்மேனுக்கு ஒன்று, சூப்பர்மேனுக்குக் கோடி என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஆட என்ன இருக்கிறது? 1985-இல் வந்த ‘டி.சி. ஹீரோஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு இதற்கு ஓர் அழகான வழி கண்டது. அதில் ஒரு புள்ளி கூடினால் பலம் இரட்டிப்பாகும். 5 புள்ளிக்காரரைவிட 6 புள்ளிக்காரருக்கு இரண்டு மடங்கு பலம். 15 புள்ளிக்காரருக்கோ 1,024 மடங்கு. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்து அரசனைத் திணறடித்த அதே கணக்குதான். மனிதனும் தேவனும் ஒரே தாளில் அடங்கிவிட்டார்கள்.

பொம்மை விளையாட்டுக்காரர்கள் இன்னும் துணிந்தார்கள். எத்தனை டன் தூக்குவார் என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். கதையில் ஒருவர் எப்படி ஜெயிக்கிறார், எப்படித் தோற்கிறார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது.

அமெரிக்காவின் ஜோர்டன் வைஸ்மன் என்பவர் ‘விஸ்கிட்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, 2000-இல் ‘மேஜ் நைட்’ என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். அதன் புதுமை முழுக்கப் பொம்மையின் அடிப்பீடத்தில் இருந்தது. 2002-இல் அதே பீடத்தின்மேல் மார்வெல் நாயகர்களும், அதே ஆண்டில் டி.சி. நாயகர்களும் ஏறினார்கள். அதுதான் ‘ஹீரோகிளிக்ஸ்’.

அந்தக் காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வண்ணம் பூசி, அங்கி பறக்க நிற்கும் சின்ன உருவம். பீடம் இரண்டு தட்டுகளால் ஆனது. கீழ்த்தட்டைப் பிடித்துக்கொண்டு திருகினால் ‘கிளிக்’ என்று ஒரு படி நகரும். மேல்தட்டில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் என்று எண்கள் தெரியும். சில எண்களுக்குப் பின்னால் ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். அந்த வண்ணம் ஒரு சக்தியைக் குறிக்கும். எத்தனை சேதமோ அத்தனை கிளிக் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் எண்கள் மாறும், வண்ணங்கள் வரும், போகும். கடைசியில் எண்களே மறைந்து ‘கே.ஓ.’ என்ற எழுத்து வந்தால் ஆள் அவுட்.

பழைய போர் விளையாட்டுகள் பலவற்றில் ஒரு வீரன் கடைசிக் காயம்வரை ஒரே பலத்தோடு சண்டை போடுவான், பிறகு திடீரென்று விழுவான். இங்கே அப்படி இல்லை. அடிபட்ட ஸ்பைடர்மேன் முதல் பக்கத்து ஸ்பைடர்மேனைப் போலச் சுறுசுறுப்பாக இருக்கமாட்டார். ஒரு முழுச் சண்டையின் கதை, ஏற்ற இறக்கங்களோடு, ‘டயல்’ என்ற அந்தச் சுழலும் வட்டத்துக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

இனி ஹல்க்குக்கு வருவோம். மற்றவர்களுக்குக் கிளிக் நகர நகர எண்கள் சரியும். ஹல்க்கின் பல காய்களில் சேத எண் நடுவழியில் ஏறும். என் அக்கா மகனோடு ஆடியபோது நான் வழக்கம்போல எதிரே நின்ற ஹல்க்கைக் குறிவைத்தேன். எங்கள் அணியில் இருந்த அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். “மாமா, வேணாம் மாமா. இப்ப ஒரு அடி அடிச்சீங்கன்னா அவனுக்குக் கோபம் வந்துடும். அடிச்சா ஒரேயடியா அடிக்கணும், இல்லைன்னா கிட்டயே போகக் கூடாது.” ஹல்க் காமிக்ஸ் ஒன்றுகூட அவன் படித்ததில்லை. ஆனால் ஹல்க்கைப் பார்த்து ஒரு ராணுவத் தளபதிக்கு வரவேண்டிய தயக்கம் அவனுக்கு அப்படியே வந்துவிட்டது. நல்ல விதி என்றால் எனக்கு இதுதான்: விளக்கிச் சொல்லாமலே எதிரியை அந்தக் கதாபாத்திரத்துக்குப் பயப்பட வைப்பது.

எண்கள் சின்னவைதான், அவற்றின் எடை பெரியது. தாக்கும்போது இரண்டு பகடைகளை உருட்டி, வரும் கூட்டுத்தொகையைத் தாக்குதல் எண்ணோடு சேர்க்க வேண்டும். எதிராளியின் தற்காப்பு எண்ணை எட்டினால் அடி விழும். தாக்குதல் 10, தற்காப்பு 17 என்றால் பகடையில் 7 வேண்டும். 36 வாய்ப்புகளில் 21 நம் பக்கம். தற்காப்பு 18 ஆகிவிட்டால் 36-இல் 15 மட்டுமே. ஒரே ஒரு எண் கூடியதில் சண்டை கைமாறிவிடுகிறது. வடிவமைப்பவர்கள் ஒரு காய்க்கு 17 போடலாமா 18 போடலாமா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் இழந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எந்தச் சக்தியும் இல்லாத பேட்மேனை எப்படி எழுதுவது? அவருக்கு அவர்கள் தந்த விடை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ‘அவுட்விட்’ என்று ஒரு சக்தி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய எதிரி ஒருவரின் ஏதாவது ஒரு சக்தியை அடுத்த முறைவரை இல்லாமல் ஆக்கிவிடலாம். அடியை உறிஞ்சும் தோல் கொண்டவனுக்கு அந்தத் தோல் போய்விடும். பேட்மேனின் மூளை எதிரியின் பலத்தைக் கழிக்கும் கருவியாகிவிட்டது. கூடவே மறைந்து நிற்கும் சக்தியும் உண்டு: செடி, பெட்டி என்று ஏதாவது மறைவில் நின்றால் தூரத்திலிருந்து அவரைக் குறிவைக்க முடியாது. அதனால் அவரை ஆடுபவர் வெட்டவெளியைத் தவிர்த்து, நிழல் நிழலாகத் தாவிக்கொண்டே போவார். யாரும் சொல்லித் தராமலே.

அதிர்ஷ்டத்தையே சக்தியாகக் கொண்டவர்களும் இருக்கிறார்களே, டாமினோ, பிளாக் கேட் போல. அவர்களுக்குப் பகடையை மறுபடி உருட்டச் சொல்லும் உரிமை. அதை நம் பக்கத்துத் தோல்விக்கும் பயன்படுத்தலாம், எதிரியின் வெற்றியைக் குலைக்கவும் பயன்படுத்தலாம். கறுப்புப் பூனை குறுக்கே போனதும் எதிராளி ஜெயித்த பகடையைத் திரும்ப எடுத்து உருட்ட வேண்டிவருகிறது பாருங்கள், அந்த முகத்தைக் காண வேண்டும்! தலைமை வில்லன்களுக்கு ஏற்ற ஒரு சக்தியும் உண்டு: தனக்கு விழும் அடியைப் பக்கத்தில் நிற்கும் அடியாள்மேல் தள்ளிவிடலாம். வில்லனின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

எல்லாமே இப்படிக் கச்சிதமாக அமைந்துவிடவில்லை. ஸ்பைடர்மேனின் அபாய உணர்வைப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் தப்பிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு முறை. கதையில் அந்த உணர்வு அநேகமாகத் தவறுவதே இல்லை. ஆனால் மேசையில் தவறாமல் வேலை செய்தால் அவரை யாரும் தொடவே முடியாது. காரணம் புரிகிறது. இருந்தாலும் எனக்கு அது மனசுக்கு ஒட்டவில்லை. பகடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே தவிர, பின்கழுத்தில் குறுகுறுப்பு வரவில்லை.

வால்வரினுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஹீரோகிளிக்ஸில் காயம் ஆறுவதற்கு அவர் தம் முறையைச் செலவிட வேண்டும். பகடை உருட்டி, வந்த எண்ணில் 2 கழித்து, மிச்சத்துக்கு ஏற்ப டயலைப் பின்னால் திருப்பலாம். நான் படித்த வால்வரின் ஓர் ஓரமாக உட்கார்ந்து மருந்து போட்டுக்கொள்பவர் இல்லை. வெட்டு வாங்கிக்கொண்டே முன்னேறுபவர். ‘அட்டாமிக் மாஸ் கேம்ஸ்’ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த ‘மார்வெல்: க்ரைசிஸ் புரோட்டோகால்’ அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதில் வால்வரின் நடந்து, பாய்ந்து, கீறி முடித்த பிறகு, அவருடைய முறையின் கடைசியில் காயம் தானாகக் குறைகிறது. ஒன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே மனிதரை இரண்டு பேர் படித்ததில், இரண்டாமவர் ஆழமாகப் படித்திருக்கிறார் என்பேன்.

அந்த விளையாட்டில் டயல் இல்லை, கட்டங்களும் இல்லை. அளவுகோல் வைத்து நகர்த்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரு பக்க அட்டை. நலமாக இருக்கும்வரை ஒரு பக்கம், வீழ்ந்து எழுந்தால் காயம்பட்ட பக்கம். பெரிய வித்தைகளுக்கெல்லாம் ‘பவர்’ என்ற வில்லைகளைச் செலவிட வேண்டும். அவை எப்படிச் சேரும் தெரியுமா? சுற்றுக்கு ஒன்று இயல்பாகக் கிடைக்கும். எதிரியிடம் அடி வாங்கினால், வாங்கிய ஒவ்வொரு சேதத்துக்கும் ஒன்று சேரும். சுவரோடு சுவராக நசுக்கப்பட்ட நாயகன், அடுத்த கட்டத்தில் காரைத் தூக்கி எறிகிறானே, அந்தக் காட்சியை இந்த ஒரு விதி திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. கார் எறிவதும் உண்மையாகவே விதியில் இருக்கிறது: இந்த அளவு வரையிலான பொருளைத் தூக்கி எறியலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும், மேசைமேல் நிற்கும் சின்னக் காரை எடுத்துத் தாக்கலாம். கேப்டன் அமெரிக்கா இன்னும் அழகு. அருகில் இருக்கும் தோழரை யாராவது தாக்க வந்தால், பவர் கொடுத்து அந்த அடியைத் தான் ஏற்கலாம். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நிற்பவர் அவர் என்பது புரிந்த ஒருவர் எழுதிய விதி அது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, நம் வாசகர்கள் என்னை விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்: ‘இரும்புக்கை மாயாவிக்கு என்ன விதி சார்?’ 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்து, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக நம் வீடுகளுக்கு வந்தவர். அவரை அறியாத காமிக்ஸ் குடும்பம் தமிழில் குறைவு. அதனால் நானே ஓர் அட்டை எழுதிப் பார்த்தேன்.

மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். சக்தியோடு குறையும் சேர்ந்தே பிறந்திருப்பதால் விதி எழுத வந்தவருக்கு இவர் ஒரு வரம். மேசையில் நாலைந்து இடங்களில் மின்கம்பம், ஸ்விட்ச் போர்டு, ஜெனரேட்டர் என்று வைத்துவிட வேண்டும். மாயாவி அவற்றில் ஒன்றைத் தொட்டால் மூன்று வில்லைகள் கிடைக்கும்; அந்த முறை வேறெதுவும் செய்ய முடியாது. வில்லை இருக்கும்வரை தூரத்திலிருந்து அவரைக் குறிவைக்க முடியாது. பக்கத்துக் கட்டத்தில் நிற்பவர் மட்டும் கையைப் பார்த்துவிடலாம், அடிக்கலாம், ஆனால் உடல் எங்கே என்று தெரியாததால் பகடையில் 2 குறைத்துக்கொள்ள வேண்டும். முறைக்கு ஒரு வில்லை தீரும். அதிர்ச்சிக்குக் காயம் கணக்கிடலாமா என்று வெகுநேரம் யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். மின்சாரம் அவருக்குத் தண்டனையாக இருந்தால் ஆடுபவர் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்; மாயாவியோ அதைத் தேடி ஓடுபவர்.

எதிரிக்கும் ஒரு வழி விட்டேன்: ஒரு முறையைச் செலவிட்டு ஒரு மின்கம்பத்தை அறுத்துவிடலாம். இதைப் போட்டதும் ஆட்டமே மாறிவிட்டது. அக்கா மகன் வில்லனாக ஆடினான். என்னைத் துரத்துவதை விட்டுவிட்டு ஒவ்வொரு கம்பமாக அறுத்துக்கொண்டே வந்தான். கடைசியில் மேசையில் ஒரே ஒரு ஜெனரேட்டர் மிச்சம், அதைச் சுற்றி மூன்று அடியாட்கள், என்னிடம் ஒரு வில்லை. தோற்றுப்போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் அந்த அட்டையை வெட்டி எடுக்கும்படி அச்சிட்டிருக்கிறோம். பின்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம், அது உங்களுக்கு. டெக்ஸ் வில்லரோ, மாண்ட்ரேக்கோ, உங்களுக்குப் பிடித்த யாரோ ஒருவரை அதில் எழுதுங்கள். நான்கு எண்கள், ஒரு சக்தி, ஒரு குறை. அனுப்புமுன் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஆடிப் பாருங்கள். எதிரே ஆடியவர் எந்த இடத்தில் தயங்கினார் என்பதையும் அட்டையோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள். அந்த வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்