நடைபாதை ஒரு முகவரியா?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'முகவரி' என்றொரு கட்டம் உண்டு. நம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. கதவு எண் இல்லை, கதவே இல்லை! தெருப்பெயர் உண்டு; தெருவும் உண்டு; அந்தத் தெருவிலேதான் அவள் வாழ்கிறாள். சென்னை ஜார்ஜ் டவுனில், கடைகள் பூட்டப்பட்டபின் அவற்றின் வாசலில் விரிக்கப்பட்டு, விடியுமுன் சுருட்டப்படுவதே அவள் இல்லம். தாய், தந்தை, கைக்குழந்தையோடு மக்கள் மூவர். அவளுடைய பாட்டி பிறந்ததும் அதே நடைபாதையில்தானாம்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், "வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை?" என்று நாம் அவளைக் கடிந்துகொண்டோம். எந்த வீட்டில் செய்வாள்? அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் உண்மை தெரிந்தபோது, கற்றோம், பட்டம் பெற்றோம், கற்பிக்கவும் வந்தோம் என்று நிமிர்ந்திருந்த தலை தாழ்ந்தது.

தலைவிதி என்பர் சிலர். முற்பிறவியில் செய்த வினை என்பர். பிறந்து ஆறு திங்களான குழந்தை, சாக்கடை ஓரம் கொசுக்கடியில் உறங்கும் அளவுக்கு எந்த வினையைச் செய்தது? யார் கண்டது? காணாத பிறவியின் கணக்கைப் புரட்டுவோர், கண்முன் கிடக்கும் கணக்கைப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் ஒரு கம்பளி, பிறந்தநாளில் ஒரு பொட்டலம், அதைக் கொடுக்கும்போது ஒரு புகைப்படம். அத்தோடு கடன் தீர்ந்தது! பொட்டலம் நீட்டிய அதே கை, அந்தக் குடும்பம் வாடகைக்கு ஓர் அறை கேட்டு வந்தால், கதவைச் சாத்துகிறது.

மிகைப்படுத்தவில்லை, தோழர்களே! படிப்பகத் தோழர் இருவரும் ஆசிரியர் இருவருமாக நாம் நால்வர், அக்குடும்பத்திற்காக ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பதினொரு வீட்டு வாசல்களை ஏறி இறங்கினோம். வாடகை தரவல்லவரா என்பது முதல் கேள்வியாக இல்லை. "என்ன ஆளுங்க?" என்பதே முதல் கேள்வி. கறி சமைப்பார்களா என்பது இரண்டாவது. குழந்தைகள் எத்தனை என்பது மூன்றாவது. மூன்று என்றதும், அறை நேற்றே போய்விட்டது என்ற விடை. இவ்வளவும் தாண்டி ஒருவர் இசைந்தார்: பத்து மாத வாடகை முன்பணம்!

மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறுகிறது. 2019 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால், வேறு உடன்பாடு இருந்தாலொழிய என்ற வாலையும் அச்சட்டமே ஒட்டி வைத்திருக்கிறது. வீடற்றவன் வீட்டுக்காரனோடு செய்யும் உடன்பாடு! பசித்தவன் சோற்றுக்கடையில் பேரம் பேசும் அழகு அது.

சரி, அரசை நாடலாமே என்பீர்கள். நாடினோம். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் சொல்லைத் தாங்கிக் குடிசை மாற்று வாரியம் 1970இல் எழுந்தது. 1971இல் சட்டமும் வந்தது. அந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளென அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப் பின்? பட்டியல் வளரவில்லை. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று, நல்ல பெயர்தான். ஆனால் குடிசைகூட இல்லாதவன் குடிசைப் பட்டியலில் எங்கே இடம்பெறுவான்? ஓலைக்கூரை வேய்ந்தவனுக்கு அதிகாரியிடம் காட்ட ஒரு கூரையேனும் உண்டு. வானத்தைக் கூரையாகக் கொண்டவன் எதைக் காட்டுவான்? நாம் சென்ற ஓர் அலுவலகத்தில், இருப்பிடச் சான்று கேட்டார்கள். இருப்பிடம் கேட்க வந்தவரிடம் இருப்பிடச் சான்று!

இரவுக் காப்பகங்கள் உண்டு; இலட்சம் மக்களுக்கு ஒன்று வேண்டுமென உச்சநீதிமன்றம் 2010இல் ஆணையிட்டதும் உண்மை. அவற்றுள் பெரும்பாலானவை ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. படுக்க இடம் பெறக் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். எந்தத் தாய் இசைவாள்?

இனி, நாம் எங்கு சென்றாலும் எதிர்ப்பட்ட வாதத்திற்கு வருவோம். "வீடு கொடுத்தாலும் இவர்கள் விற்றுவிட்டு நடைபாதைக்கே திரும்பிவிடுகிறார்கள்" என்பது அது. சொல்பவர் ஓர் அறிவுரையும் சேர்த்துச் சொல்வார்: நாயின் வாலை நிமிர்த்த முடியாதாம். கொடுத்த வீடு எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லமாட்டார். நகர நடுவே வாழ்ந்த மக்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், எட்டடுக்குப் பெரும்பாக்கத்திற்கும் கொண்டுபோய்க் குவித்தார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து அவ்விடங்கள் 20 கிலோமீட்டருக்கு மேல். நம் சிறுமியின் தந்தை பாரிமுனை மொத்தக் கடைகளுக்கு மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றுபவர். தாய் பூக்கட்டி விற்பவர். பெரும்பாக்கம் என்றதும் அந்தத் தாய் நம்மைக் கேட்டார்: "அங்கேருந்து விடிகாலை நாலு மணிப் பூவுக்கு எந்த பஸ்ஸு சார் வரும்?" விடை சொல்ல நமக்கு வாயில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, வரவேற்கிறோம். கரைந்துபோகும் மூன்று மணி நேரத்திற்கு யார் கூலி தருவது?

நடைபாதையில் மனிதன் படுப்பது அவ்விடத்தின் சுகத்திற்காகவன்று. வேலை அருகில் இருப்பதற்காக. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1985இல் இதை ஏற்றது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. ஆயினும் அகற்றுவதை முற்றாகத் தடுக்கவில்லை என்பதையும் மறைக்கமாட்டோம். பள்ளிக்கூடமோ அதற்கும் மேல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளி என்று பேசுகிறது. வீட்டையே தூக்கித் தொலைவில் வைத்தால், பள்ளி யாருக்கு அருகமை? 2022 மே திங்களில் ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடுகளை இடித்தபோது, பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு முன் வேலையையும் பள்ளியையும் பறித்துவிட்டு, பிறகு வீட்டைக் கொடுத்து, அதில் ஏன் இருக்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம் கேட்பது ஜார்ஜ் டவுனுக்கு நடந்து போகக்கூடிய தொலைவில் ஓர் இடம். வடசென்னையில் வாரியக் குடியிருப்புகள் பல, பழையன இடிக்கப்பட்டுப் புதியனவாய் எழும்புகின்றன. அவற்றில் நடைபாதைக் குடும்பங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினால் என்ன குடி முழுகிவிடும்? அதுவரை, மூன்று மாத முன்பணத்தை நாம் திரட்டுவோம். நம் படிப்பகத்தில் உறுப்பினர் நாற்பதின்மர். மாதம் நூறு ரூபாய் எவருக்கும் பாரமன்று. திரைப்படச் சீட்டுக்குச் செலவிடுவது அதற்கு மேல்! கூடவே காகித வேலை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் செய்யாமல் வேறு யார் செய்வது?

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்குகிறார்கள். இருமுறை சென்று வந்தோம். முதல்முறை உரிய அலுவலகம் இதுவன்று என்றார்கள், இரண்டாம்முறை ரசீது தந்தார்கள். வரும் திங்கள் மூன்றாம் முறை. குழந்தைகள் மூவரின் பிறப்புச் சான்றும் இப்போது கையில் இருக்கிறது. கடைக்குட்டியின் சான்றில் பெயர் மட்டும் இன்னும் ஏறவில்லை. சிறுமி எம்மோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பதிவேட்டின் அந்தக் கட்டத்தில், இப்போதைக்குப் பென்சிலால், எங்கள் படிப்பகத்தின் முகவரியை எழுதி வைத்திருக்கிறோம்.