கணக்கு கோச்சோட தலையில இருக்கட்டும்

ஃபுட்பால் கோச்சுகள் பேட்டியில் எப்பப் பார்த்தாலும் ஒரே பதில்தான். கோப்பை ஜெயிப்பீங்களான்னு கேட்டா, "அடுத்த மேட்ச்சை மட்டும்தான் பார்க்கிறோம்" என்பார்கள். எங்க ஊர் டீக்கடைப் பசங்க இதைக் கேட்டாலே சிரிப்பானுங்க. மழுப்பல் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2019 மார்ச்சுக்கு அப்புறம் அப்படி நினைக்கிறதில்லை.

அந்த வருஷ ஐ-லீக்கில் சென்னை சிட்டி ஆடினது ஞாபகம் இருக்கா? பேர்தான் சென்னை. சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். 20 ஆட்டத்தில் 19 முடிந்தபோது நம்ம ஆளுங்க 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். இங்கே எதிரணி மினர்வா பஞ்சாப், அதாவது முந்தின வருஷ சாம்பியன். அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலம் கேரளா.

ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுட்டான். நான் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் இரண்டு ஸ்கோரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டிருந்தேன். கோழிக்கோட்டில் கோகுலம் முதல் கோல் போட்டதும் "அப்பாடா, இனி பயமில்லை" என்று மனசு தளர்ந்துபோச்சு. ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை, திருப்பி இரண்டு போட்டு 2-1 ஜெயித்துட்டான். என்னை மாதிரியே மைதானத்தில் இருந்தவர்களும் தளர்ந்திருந்தால் கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். அவங்க கோயம்புத்தூர் பந்தை மட்டும் பார்த்தாங்க. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி அடித்தார். அப்புறம் கௌரவ் போரா, அவர் பின்வரிசைக்காரர், இரண்டு கோல். 3-1. 43-க்கு 42, ஒரே புள்ளியில் கோப்பை. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

ஸ்பெயினில் இதையே மந்திரமாக வைத்திருந்தவர் அட்லெடிகோ மாட்ரிட் கோச் சிமியோனே. 2014 மே 17, கடைசி ஆட்டம், பார்சிலோனா ஊரிலேயே. முதல் பாதி முடிவதற்குள் டியேகோ கோஸ்டா, ஆர்தா துரான் இரண்டு பேரும் அடிபட்டு வெளியே. கோலும் வாங்கியாச்சு. அப்படியும் 1-1 டிரா பண்ணி லீக்கை எடுத்தாங்க.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். "அடுத்த மேட்ச் மட்டும்" என்று சொல்கிற கோச், தான் மட்டும் அப்படி இருக்க முடியாது. யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை, யாருக்குத் தொடை இழுக்குது, அடுத்த வாரம் எங்கே பயணம், எல்லாம் அவர் பார்த்துத்தான் ஆகணும். அந்தப் பாரத்தை அவர் சுமந்துக்கிட்டு, ஆடுகிறவன்கிட்டே இன்றைய வேலையை மட்டும் கொடுக்கிறார். அதுதான் கஷ்டம். வாழைத்தோப்பில் நானும் அதைத்தான் பண்றேன். முட்டுக் கொடுக்க வருகிற ஆட்களிடம் இன்னைக்கு எந்த வரிசை என்பதைத்தான் சொல்வேன். மேட்டூரில் எத்தனை அடி, தாருக்கு என்ன விலை, சொசைட்டி தவணை எப்போ என்றெல்லாம் அவங்ககிட்டே சொல்லி என்ன ஆகப்போகுது?

ஆனா வீட்டில் அப்படி இருக்கலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதே மார்ச்சில் என் பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கிட்டிருந்தான். 2018-ல் ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகு 9 உடைந்தது, நவம்பரில் கஜா. எங்களுக்கெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கிட்ட வருஷம். அவன் ஒவ்வொரு பரீட்சை முடித்து வரும்போதும் செருப்பைக் கழட்டுவதற்குள் கேள்வித்தாளை வாங்கிடுவேன். "ரெண்டு மார்க்கில் எத்தனை சரி? அஞ்சு மார்க்?" காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் கட்-ஆஃப் கூட்டுவேன். அது குறைந்தால் எந்தக் காலேஜ் கிடைக்கும், ஃபீஸுக்கு எங்கே போறது, அதையும் அவன் காதில் போடுவேன். ஒரு பரீட்சை கொஞ்சம் சொதப்பினது என் கூட்டலில்தான் அவனுக்கே உறைத்தது. அடுத்த பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கிட்டு, முடிந்துபோனதைத்தான் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தான். அந்தப் பரீட்சையும் போச்சு.

கோயம்புத்தூரில் ஒரு கோச் செய்ததைத் திண்ணையில் உட்கார்ந்து கைதட்டினேன். உள்ளறையில் படித்துக்கிட்டிருந்தவனுக்கு அதைச் செய்யத் தெரியலை. எங்க வீட்டம்மா அன்னைக்கே சொன்னா, "அந்தப் பென்சிலைத் தூக்கிப் போடுங்க"ன்னு. நான் கேட்கலை.

பையனுக்கு அதற்கப்புறம் வேறொரு படிப்பு, வேறொரு வேலை. நல்லாத்தான் இருக்கான். பழசைப் பேசினா சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுவான்.

மார்ச் மாசம் ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாசல் பக்கம் போனால் இப்பவும் பார்க்கிறேன். வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்தி, பிள்ளை வெளியே வந்ததும் கேள்வித்தாளுக்குக் கை நீட்டுகிற அப்பா அம்மாக்கள். உங்களில் யாராவது அடுத்த மார்ச்சில் அங்கே நிற்கப்போறீங்கன்னா, அந்தத் தாளை வாங்கி மடிச்சுப் பையில் வையுங்க. தண்ணி பாட்டிலைக் கொடுங்க. கூட்டல் எல்லாம் ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கலாம்.