புத்தகம் அடுக்கவா பயிற்சி?

மருத்துவமனை நூலகத்தில் 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர்கள் 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2002-ல் விதி எழுதியது. அவர்களுக்குக் கட்டுரை தேடித் தருகிற எங்களை அப்படி ஒரு விதியும் தேடி வரவில்லை.

நான் படித்தது, தடித்தடியான இண்டெக்ஸ் மெடிக்கஸைப் புரட்டுவதற்கு. 1997-ல் பப்மெட் இணையத்தில் இலவசமாக வந்தது. கற்றுக்கொள்ள ரெண்டு நாள் லீவு கேட்டேன். "புத்தகம் அடுக்க எதுக்குங்க பயிற்சி?" என்று சிரித்தார் அதிகாரி. கடைசியில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பிள்ளைதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது.

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து சனங்கள் மூச்சுத் திணறி ஓடியது மறக்குமா? அந்த வாயு நுரையீரலை நாள்பட என்ன செய்யும் என்று ஒரு டாக்டர் கேட்டால், சரியான சொல் போட்டுத் தேடி, நல்ல ஆய்வைப் போலிப் பத்திரிகையிலிருந்து பிரித்துத் தரத் தெரிய வேண்டாமா? "கூகுளே தருமே" என்பார்கள். கூகுள் கொட்டும், புடைத்துத் தர ஆள் வேண்டும்.

ரங்கநாதன் காலத்தில், 1929-லேயே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய ஊர் இது. வருஷத்துக்கு ஒரு வாரம், சம்பளத்தோடு பயிற்சி. அது பதவி உயர்விலும் கணக்காக வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

எனக்காக அல்ல. நான் காலடிப்பேட்டைத் திண்ணைக்கு வந்துவிட்டேன். இந்தக் காற்றைச் சுவாசிக்கிற நம் பிள்ளைகளுக்காக.