புயலுக்கு முன்னரே செவியைப் பழக்குவோம்

புயல் கரைகடக்கும் இரவில் முதலில் அறுவது மின்கம்பி. அடுத்து அறுவது மாந்தர்க்கிடையே ஓடும் சொல். காற்றோய்ந்த காலையில் சோறும் நீரும் ஏற்றிய வண்டிகள் ஆயத்தமாய் நிற்கும்; எவ்வூர்க்கு முதலில் செல்வதெனச் சொல்வார் இரார். 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் மறைக்காட்டிற்கும் இடையே ‘கசா’ப் புயல் கரைகடந்தபோது சோழநாட்டுக் கடற்கரை இதனைக் கண்டது. பல்லாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன; செல்பேசிகள் ஊமையாயின.

“கைதோறும் செல்பேசி இருக்க, வேறு கருவி எதற்கு?” என்பர் சிலர். செல்பேசி தனித்து இயங்குவதன்று, கோபுரத்தை நம்பியது. கோபுரமோ மின்சாரத்தையும் கண்ணாடியிழை வடத்தையும் நம்பியது. மின்சாரம் நின்றபின் அங்குள்ள மின்கல அடுக்கு சில மணிநேரமே தாங்கும். கோபுரம் தப்பி நின்றாலும், ஊரெல்லாம் ஒரே வேளையில் அழைத்தால் வழி அடைபடும்.

‘ஹாம் ரேடியோ’ என மக்கள் வழங்கும் ஆர்வலர் வானொலி இவ்வாறு இடைப்பொருளை நம்புவதன்று. ஒரு கருவி, 12 வோல்ட்டு வண்டி மின்கலம், இரு மரங்களுக்கிடையே கட்டிய 20 மீட்டர்க் கம்பி ஆகிய இவை போதும். 7 மெகா எர்ட்சு அலை வானின் மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் செவிப்படும். அண்மைத் தொடர்புக்கு 144 முதல் 146 மெகா எர்ட்சு வரையிலான அலையில் இயங்கும் கைக்கருவி உதவும்; அது நேர்க்கோட்டில் செல்வதாகலின், உயரமான இடத்தில் மறுபரப்பி இருந்தால் எட்டும் தொலைவு பெருகும்.

2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத்து என்னும் அம்மையாரின் குழு போர்ட்டு பிளேரில் இருந்தது. உலக ஆர்வலரோடு உரையாடச் சிறப்பிசைவு பெற்றுச் சென்ற குழு அது. பேரலைக்குப் பின் அக்குழுவினர் அவ்விளையாட்டை நிறுத்தித் தம் கருவிகளை இடர்ச்செய்திக்குத் திருப்பினர். அவர்கள் அன்று கற்கத் தொடங்கவில்லை, முன்னரே கற்றிருந்தனர். நாம் நெஞ்சிற் பதிக்க வேண்டியது இதுவே.

பேரிடர் நேர்ந்ததும் கருவி வாங்க ஓடுவது நம்மவர் வழக்கம். மலிவான கைக்கருவியை வாங்கி உரிமமின்றிப் பேசுவது சட்டப்படி குற்றம்; பழக்கமின்றிப் பேசுவது அதனினும் கேடு. ஒருவன் பொத்தானை அழுத்திப் பிதற்றிக் கொண்டிருக்க, அதே அலையில் உதவி கேட்பவன் குரல் அமிழ்ந்து போகும்.

ஆகலின் தொடக்கம் செவியே. ஒற்றைப்பக்கப் பட்டையை வாங்கவல்ல சிற்றலைப் பெட்டி ஒன்றில் காலைதோறும் 7 மெகா எர்ட்சில் ஆர்வலர் பேசுவதைக் கேளுங்கள். பொதுவான வானொலிப் பெட்டியில் அக்குரல் வாத்தின் கத்தலாகவே கேட்கும். அடுத்தது தேர்வு. ஒன்றியத் தொடர்பியல் அமைச்சகத்தின் கீழுள்ள பிரிவு அதனை நடத்துகிறது. 12 அகவை நிறைந்தோர் எழுதலாம். வானொலிக் கோட்பாடும் ஒழுங்கு விதிகளும் பாடம். தொடக்க நிலைக்கு மோர்சு குறி வேண்டுவதில்லை. தேறி உரிமம் பெற்றார்க்கு ‘வீ-யூ’ எனத் தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். கருவி வாங்குவது அதன் பின்னரே.

மூன்றாவது, கிழமைதோறும் பயிற்சி. ஒருவர் நடுவராயிருப்பார், அவர் அழைத்தாலன்றிப் பிறர் பேசார். செய்தியில் ஊர், நேரம், ஆட்கணக்கு, தேவை என்னும் நான்கும் இருத்தல் வேண்டும். கேட்டவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படிப்பார். இவ்வொழுங்கு ஒரு நாளில் வாராது.

இங்கே தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. அழைப்புக் குறியை உலக வழக்கின்படி சொல்லுவோம். செய்தியைத் தமிழிலேயே சொல்லலாம். ஆயின் இரைச்சலிடையே லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாய்க் கேட்கும். கீழையூர் என்பது மேலையூராகக் கேட்டால் சோற்று வண்டி வேறு திசை செல்லும். அயல் எழுத்தில் ஊர்ப்பெயரை எழுத்தெண்ணிச் சொன்னாலும் இவ்வேறுபாடு விளங்காது. ‘பல்’லின் ல, ‘பள்ள’த்தின் ள, ‘மழை’யின் ழ என எழுத்துதோறும் ஒரு சொல்லை வரையறுத்து, எல்லாரும் அதனையே வழங்குதல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஓர் ஒப்பந்தமே தேவை.

பழவேற்காடு முதல் குமரி வரை கடலோரப் பள்ளிகள் பல உள. பள்ளிக்கோர் ஆசிரியர் உரிமம் பெற்று, பத்து மாணவர்க்குச் செவியைப் பழக்கினால் போதும். வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. அதற்கு முந்திய கோடையிலேயே கம்பியைக் கட்டுங்கள்.